வெருளியின் கைக்குக் கீழே

வெருளியக்காவுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. என் தையல் கடைக்கு வந்தால் கதிரையைக் காட்டுவேன். இருப்பார், உடனே எழும்புவார், துணி மூட்டையைக் கிளறுவார், வாசலுக்குப் போய் றோட்டைப் பார்ப்பார், திரும்பி வந்து இருப்பார். ஆள் இருந்தாலும் விரல்கள் இருக்காது. சவர்க்காரத் துண்டு, மெழுகுதிரி மிச்சம், ஒன்றும் கிடைக்காவிட்டால் தின்ன வைத்திருக்கும் பாணின் மெத்தென்ற நடுப்பகுதி என்று எதையாவது பிசைந்துகொண்டே இருக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஊர்காவற்றுறையில் கூரைத் தகரமெல்லாம் கிடந்து அடிக்கும். அந்தத் தகரங்களுக்கும் இவருக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது என்று நான் பகிடி பண்ணுவேன்.

அந்த விரல்கள் அசையாமல் நின்றால்தான் பயப்படவேண்டும். நின்றால் யாரிடமோ எதையோ கண்டுவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் புது வீடு எழும்பும்போது கண்ணூறு படாமல் இருக்க வாசலில் ஒரு பொம்மை நிறுத்துவார்கள். வெருளி என்போம். பொல்லுத் தடியில் பழைய சேட்டு ஒன்றை மாட்டி, உள்ளே வைக்கோலை அடைத்து, தலைக்குப் பானையைக் கவிழ்த்துவிட்டால் வெருளி வந்துவிடும். பார்ப்பவர்களின் பொறாமைக் கண் வீட்டில் விழாமல் அந்த அசிங்கத்தில் விழட்டும் என்பது எண்ணம். புது வீட்டுக்குள் குடிபுகும் குடிபூரலன்று உடைத்துப் போடுவார்கள். போருக்குப் பிறகு தீவுப் பக்கமெல்லாம் வெளிநாடு போன பிள்ளைகள் வீடு கட்டத் தொடங்கியபோது, வெருளியக்கா பனைமட்டையும் கம்பியும் கட்டி, பழைய துணியைச் சீமெந்துக் கூழில் தோய்த்துப் போர்த்தி, ஆள் உயரத்துக்கு வெருளி செய்து கொடுத்தார். அதற்காகத்தான் என் கடைக்கு வருவார். தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் உடுப்பெல்லாம் அவருக்குத்தான்.

அவர் செய்த வெருளிக்கு முகம் கிடையாது. கழுத்துக்கு மேலே வழவழவென்று ஓர் உருண்டை மட்டும் இருக்கும். "முகம் பழகிப்போன கள்ளன், பிள்ளை. முதுகுக்கு நடிக்கத் தெரியாது," என்பார். அவர் வெருளிகள் மற்ற வெருளிகளைப் போலக் கையை விரித்துக்கொண்டு நிற்பதில்லை. ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இல்லாத காதை நோக்கிச் சரிந்திருக்கும். ஒன்று வலக்கையால் கும்பிட வந்து இடக்கையை முதுகுக்குப் பின்னால் பொத்திப் பிடித்திருக்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணூறை மறிக்க அசிங்கமான பொம்மை வேணும் எண்டுதானே சொல்லுகினம்? மனிசர் மனிசருக்குச் செய்யிறதைவிட அசிங்கம் உலகத்தில எங்க கிடக்கு? சொல்லும் பாப்பம்."

முதன்முதலில் அவர் செய்தது தன்னைத்தான். அது அவர் வீட்டுப் படலையடியில் நின்றது. குதிக்கால் தூக்கி, கழுத்தை நீட்டி, அடுத்த வளவுக்குள் எட்டிப் பார்க்கிற ஓர் உருவம். போகிறவர்கள் வருகிறவர்களுக்கு அவரே சொல்லுவார்: "இது நான். விடுப்புப் பாக்கிறவள்."

உண்மையாகவே அடுத்தவர் புதினத்தை விடுப்புப் பார்ப்பவர்தான். நயினாதீவு அம்மன் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறையில் போய் நிற்பார். படகில் ஏற மாட்டார். ஒரு கையில் பூசைத் தட்டும் மறு முழங்கையால் முன்னால் நிற்பவளின் விலாவில் இடியுமாக முண்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுவார். செத்தவீட்டிலும் அப்படித்தான். எல்லோரும் கட்டிப் பிடித்து அழும்போது இவர் சுவரோரம் நின்று, அழுதுகொண்டே வாசலைப் பார்த்து யார் யார் வந்தார்கள் என்று கணக்கெடுப்பவர்களைக் கணக்கெடுப்பார். "செத்தவீட்டுக்கு வந்தால் அழவேணும், அளக்கக் கூடாது," என்று ஒரு கிழவர் நேரே பேசினார். எனக்கும் அது பிடிக்கவில்லை. என் கடையில் இருக்கும்போது என் தோளையும் பார்க்கிறாரோ என்ற நினைப்பில் நான் தையலைப் பிழையாக விட்டிருக்கிறேன்.

ஊர் அவரை விலக்கி வைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. எந்த வெருளியிலும் யாரும் தன்னைக் கண்டதில்லை.

கரம்பனில் ஒரு வீட்டுக்கு அவர் செய்த வெருளி வேலியில் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றது. கீழே பார்த்தால் ஒரு கால் மெல்ல மெல்ல வேலிக் கதியாலை அடுத்த வளவுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரர் இரகசியமாக வந்து, "பக்கத்து வளவுக்காரனைத்தானே செய்தனீங்கள், நல்ல வேலை," என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். மறுநாள் பக்கத்து வளவுக்காரரும் இதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கொண்டுவந்தது முருங்கைக்காய். வெருளியக்கா இரண்டையும் என் மேசையில் கொண்டுவந்து போட்டார். இவ்வளவு வாடிப்போய் நான் அவரைக் கண்டதில்லை.

"ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து, 'இது நான்தான் அக்கா, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்' எண்டு என்னோட சண்டை பிடிக்கட்டும் பிள்ளை. அண்டைக்கே நான் சீமெந்தைத் தொடுறதை விட்டுடுவன்."

நல்ல உருவம் அவருக்கு வராது. மாதா கோயில் சுரூபங்களில் உடைந்த விரல்களை ஒட்டிக் கொடுத்த கைதான் அது. ஆனால் அந்தக் கோயில் சுவாமியார் புனித அந்தோனியார் சுரூபம் ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டபோது மாதக்கணக்கில் மினக்கெட்டுவிட்டுக் கையை விரித்துவிட்டார். "என்ர கையில அந்தோனியார் ஆரோ அயலட்டையைக் குறை சொல்ல வந்த ஆள் மாதிரியே வாறார் சுவாமி. எனக்கு உது ஏலாது." சுவாமியார் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் வாங்கி வைத்தார்.

இனி என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைச் சொல்லாமல் வெருளியக்காவை என்னால் சொல்லி முடிக்க முடியாது.

தங்கச்சி புளியங்கூடலில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஊரெல்லாம் 'சேர், சேர்' என்று உருகும். குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். கூட்டத்தில் நிற்கும்போது இடக்கையை நெஞ்சில் வைத்து, தலையைக் கொஞ்சம் சரித்து, வலக்கையைத் தங்கச்சியின் உச்சந்தலையில் வைத்துத் தட்டுவார். "இவ ஒரு குழந்தை. இவவுக்கு ஒண்டும் ஏலாது, பாவம்," என்பார். பார்க்கிற பெண்கள் பெருமூச்சு விடுவார்கள்.

சைக்கிளில் வேலணைவரை போய்வந்த பிள்ளைக்குச் சைக்கிள் ஏலாது ஆனது. கோயிலில் திருவூஞ்சல் பாடியவளுக்குத் தொண்டை ஏலாது ஆனது. பிறகு வங்கி, பிறகு சந்தை, பிறகு சபையில் கதைப்பது. ஒன்றையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. "அவவுக்கு ஏலாது" என்று சொல்லுவார், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவளும் அதையே சொல்லுவாள். நான் தையற்காரி. எனக்கு உடம்புதான் முதலில் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுடைய பிளவுஸை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்கித் தைத்தேன். அவர் கை தலைக்கு மேலே வரும்போதே, தொடுவதற்கு முன்னமே, அவள் கழுத்து ஆமைக் கழுத்துப்போல உள்ளே போகும். அதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அடிக்கிறாரோ?"

"இல்லை."

"குடிக்கிறாரோ?"

"இல்லை."

"அப்ப உனக்கென்னடி விசர்? தங்கமான மனிசன்."

எங்களூரில் கேள்வி இந்த இரண்டுதான். மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் அதை எந்தச் சொல்லால் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. தங்கச்சியைக் கேட்டால், "அவரில ஒரு பிழையும் இல்லையக்கா. எனக்குத்தான் ஒண்டும் ஏலாது," என்றாள்.

அவளுக்கு மிஞ்சியிருந்தது என் கடையின் இரண்டாவது மெசின்தான். சனிக்கிழமைகளில் வந்து தைப்பாள். மெசினில் இருக்கும்போது மெல்லப் பாட்டுக்கூட வரும். சேர் வயல்கரைப் பக்கம் உயர்ந்த மதிலோடு புது வீடு கட்டத் தொடங்கினார். "குடிபூந்தால் பிறகு கடைக்கு வரத் தேவையில்லை. அவவுக்கு வெயிலும் ஏலாது," என்றார். அந்த மதிலுக்குள் போனால் என் பிள்ளை அங்கேயே கரைந்துபோய்விடுவாள் என்று தெரிந்தது. ஆனால் எதைச் சொல்லி மறிப்பது? அடியுமில்லை, குடியுமில்லை.

ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போக அவர் கடைக்கு வந்தபோது வெருளியக்கா பழைய சேட்டுகளைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சமயம். எங்கட வீட்டுக்கும் ஒரு வெருளி வேணும் அக்கா," என்றார் சேர்.

வெருளியக்கா தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்: "எப்பிடிப்பட்ட வெருளி வேணும் பிள்ளை உமக்கு?"

தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"அவவுக்கு உதெல்லாம் சொல்ல ஏலாது," என்று சேர் சிரித்துக்கொண்டு அவள் தலையில் தட்டினார். "வடிவா ஒண்டு செய்யுங்கோ. பாக்கிற சனத்துக்கு மரியாதை வரவேணும்."

வெருளியக்காவின் விரல்களுக்கிடையில் ஒரு மெழுகுத்துண்டு இருந்தது. விரல்கள் நின்றுவிட்டன. அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் அவை அசையவில்லை. அன்றைக்குத் தெரிந்தெடுத்த சேட்டுகளை மறந்து விட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு புது வீட்டுப் பக்கம் அவர் அடிக்கடி போனார் என்று கேள்விப்பட்டேன். அளவு எடுக்கிறாராம். சேர் தேத்தண்ணி கொடுத்து உபசரித்தாராம். வெருளி நட்டு முடிந்ததும் நானும் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. இதுவரைக்கும் அவர் செய்ததிலேயே வடிவான உருவம் அது. தலை கொஞ்சம் சரிந்திருக்கிறது. இடக்கை நெஞ்சில். வலக்கை முன்னால் நீண்டு, உள்ளங்கை கீழே பார்த்தபடி, நெஞ்சு மட்டத்தில் நிற்கிறது. ஊர்ச்சனம் வந்து, "ஆசீர்வாதம் பண்ணுற மாதிரியெல்லே கிடக்கு," என்று வியந்தது. சேருக்குத் தாங்கமுடியாத சந்தோசம்.

நேரே வெருளியக்கா வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "ஊரில உள்ள பாவியளை எல்லாம் கிழிகிழியெண்டு கிழிச்சுப்போட்டு, இந்தாளுக்கு மட்டும் சாமி மாதிரிச் செய்து வைச்சிருக்கிறியள்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"பாத்தன்."

"கைக்குக் கீழ பாத்தனீரோ?"

"கைக்குக் கீழ ஒண்டும் இல்லையே."

"ஓம்," என்றார். "ஒண்டும் இல்லை." கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார், எட்டிப் பார்க்கும் தன் வெருளியின் குதிக்காலில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். "அது அவர் காணவேண்டிய சாமான். நீர் தலையிடாதையும்." எனக்கு விளங்கவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தேன்.

குடிபூரலுக்குச் சனம் நிறைய வந்திருந்தது. பால் காய்ச்சி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. வெருளியக்கா வழக்கம்போலப் பையில் சுத்தியலோடு வந்திருந்தார். வெருளியை உடைக்க வீட்டுக்காரர் கையாலேயே முதல் அடி போட வைப்பது அவர் வழக்கம். சேர் சுத்தியலைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு வடிவை ஆராவது உடைப்பினமோ அக்கா? இது இஞ்சையே நிக்கட்டும்." பிறகு தங்கச்சியைக் கூப்பிட்டார். "இஞ்ச வாரும். இந்தக் கைக்குக் கீழ நில்லும். ஒரு படம் எடுப்பம்."

தங்கச்சி புதுச்சேலையோடு போனாள். நின்றால் சீமெந்துக் கை அவள் நெஞ்சில் முட்டியது.

"கொஞ்சம் குனியும்."

குனிந்தாள்.

"இன்னும் கொஞ்சம். ஆ, முழங்காலையும் மடியும். அந்தளவும்தான்."

சனம் சிரித்தது. கைபேசி வைத்திருந்தவர், "சேர், நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ," என்றார். சேர் மறுபக்கம் போய் நின்றார். இடக்கை தானாக நெஞ்சுக்குப் போனது. தலை சரிந்தது. வலக்கை தங்கச்சியின் தலைக்கு மேலே, சீமெந்துக் கைக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் வந்து நின்றது.

"அட, அச்சொட்டாச் சேர்!" என்றது ஒரு குரல். பாராட்டாகத்தான் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பந்தியில் இருந்த வெருளியக்காவைப் பார்த்தேன். சோற்றுக்குள் விரல்கள் நின்றிருந்தன. அவர் சேரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் எந்த முகத்தையும் அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. காத்திருந்தார். சேர் கைபேசியைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். பக்கத்தில் நிற்பது யாரென்று அவருக்குத் தெரியவேயில்லை.

ஆனால் கீழே இருந்தவள் அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே இரண்டு கைகள். ஒன்று சீமெந்து, மற்றது தசை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மடிந்திருந்த தன் முழங்காலைப் பார்த்தாள்.

"அக்கா, சிரியுங்கோ," என்றார் படம் எடுத்தவர்.

தங்கச்சி பக்கவாட்டில் நகர்ந்து எழும்பினாள். சீமெந்து விரல் தோளில் உரசிச் சேலை கிழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன?" என்றார் சேர்.

"ஏலாது."

அவர் உடனே சனத்தின் பக்கம் திரும்பினார். "கால் நோகுது போல. அவவுக்குக் கன நேரம் அப்பிடி இருக்க ஏலாது, பாவம்."

"கால் நோகேல்லை," என்றாள் தங்கச்சி. குரல் பெரிதாக இல்லை. ஆனால் பந்தியில் கரண்டிச் சத்தம் நின்றது. "எனக்கு ஏலாது. இனி ஏலாது."

படலையைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு றோட்டில் இறங்கினாள். நான் அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். சேர் சண்டைக்கு வரவில்லை. "அவவுக்கு உடம்பு ஏலாது. கொஞ்ச நாள் தமக்கையோட நிக்கட்டும்," என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். ஊரும் சரியென்றது. கிழமைக்கொருதரம் சத்துமா, கஷாயம், பழம் என்று பையோடு வந்து கடை வாசலில் நின்று மெதுவாகப் பேசுவார். "ஒண்டும் யோசியாதையும். உமக்குச் சுகமானபிறகு வாரும்." குடும்பம் பிரித்தவள் என்று சொல்லிப் பெரியம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தங்கச்சி சாப்பிடுவதில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பாள். "உண்மையாவே எனக்கு உடம்பில வருத்தமோ அக்கா? அவர் என்னைப் பேசினதே இல்லையே?" என்பாள். சில நாள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்புவாள். காற்று வேறு, தகரம் வேறு. வீட்டில் ஒருவருக்கும் அமைதியில்லை.

வெருளியக்கா கொஞ்ச நாள் வரவில்லை. வழியில் கண்டபோது, "அந்தாள் காணேல்லை பிள்ளை. பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டியும் காணேல்லை," என்றார், தோற்றுப்போனவரைப்போல. "அவள் கண்டாளே அக்கா," என்றேன். "அவளுக்கெண்டு செய்யேல்லையே," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. ஒரு மனிதன் திருந்துவானா என்று பார்க்கிற அவசரத்தில் என் தங்கச்சியைச் சபைநடுவே முழங்கால் மடக்க வைத்தவர்தானே இவர்? அந்தக் கோபம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அன்பும்தான் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை தங்கச்சி சேரிடம் திரும்பிப் போகச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பை கடை வாசலில் இருந்தது. "போறன் அக்கா. எவ்வளவு நாளைக்கு உனக்குப் பாரமா இருக்கிறது?" என்றாள். அந்த நேரம் வெருளியக்கா உள்ளே வந்தார். இருந்தார், எழும்பினார், மூட்டையைக் கிளறினார், ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்துப் பிசைந்தார். பிறகு தங்கச்சியைக் கண்டார். விரல்கள் நின்றுவிட்டன.

அந்த விரல்கள் நின்றால் என்ன அர்த்தம் என்று தங்கச்சிக்கும் தெரியும். நேராக நின்று கேட்டாள்: "என்ன அக்கா, என்னையும் செய்யப் போறியளோ?"

வெருளியக்கா அவளைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தோளைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"ஏலாது பிள்ளை," என்றார். "நிமிந்து நிக்கிறவையைச் செய்ய எனக்கு வராது. நம்பாட்டிச் சுவாமியாரைக் கேட்டுப் பாரும்."

சவர்க்காரத் துண்டை மேசையில் வைத்துவிட்டு, சேட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

தங்கச்சி வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பையை எடுத்தாள். அதைத் திறந்து ஒரு பிளவுஸை உருவி என் மேசையில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு இரண்டாவது மெசினில் போய் இருந்தாள்.

"உந்தத் தையலைப் பிரிச்சு விடு அக்கா," என்றாள். "நீ இறுக்கி இறுக்கித் தைச்சு, எனக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு."